“எதையோ தொட்டிருப்பே!”



மலர்க் குழுவினர் என்னிடம் கவிதைதான் கேட்டார்கள். தாயைப் பற்றியும் காதலைப் பற்றியும் எழுத மெக்கானிக்கல் பிரிவிலேயே தேவைக்கு மேல் கவிஞர்கள் இருக்கிறார்கள். ஆகவே கவிதையை அவர்களுக்கு விட்டுவிட்டு, நான் ஒரு வாக்கியத்தோடு சண்டை போட வந்திருக்கிறேன். அந்த வாக்கியம் உங்களுக்கும் நன்றாகத் தெரியும். “நீ எதையோ தொட்டிருப்பே!”

மெயில் கணக்கு கைவிட்டுப் போனாலும் சரி, பேங்க் கணக்கில் பணம் குறைந்தாலும் சரி, கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு ஆடினாலும் சரி, என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. அதுவும் நம்மில் பலரைப் போல, குடும்பத்திலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவன் என்றால் தீர்ப்பு இன்னும் சீக்கிரம் வரும். ‘இவனுக்கு என்ன தெரியும், எதையாவது அமுக்கியிருப்பான்’ என்று முகத்திலேயே எழுதியிருக்கும்.

போன செமஸ்டரில் என் வகுப்புத் தோழன் ஒருவனுடைய மெயில் யார் கைக்கோ போய்விட்டது. அவன் பெயரில் எங்களுக்கெல்லாம் ‘அவசரம், இரண்டாயிரம் ரூபாய் அனுப்பு’ என்று செய்தி வந்தது. அவனுடைய ஸ்காலர்ஷிப் கணக்கின் பாஸ்வேர்டும் அதே மெயிலுக்குத்தான் வரும் என்பதால் பையன் பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஹாஸ்டலில் என்ன பேச்சு தெரியுமா? “கண்ட கண்ட சைட்டுக்கும் போயிருப்பான், அதான்!” பெரியவர்களும் அதையே கொஞ்சம் மரியாதையான தமிழில் சொன்னார்கள். அந்த வாரம் அவன் மெயிலைத் திறந்தது இரண்டே இடங்களில். ஒன்று நம் லேப். இன்னொன்று, விண்ணப்பம் பிரிண்ட் எடுக்கப் போன ஒரு பிரவுசிங் சென்டர். அந்தக் கம்ப்யூட்டர்களில்தான் கோளாறு என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றை யாரும் போய்த் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். பையனை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள்.

எதையுமே தவறாகத் தொடாமல் ஒரு கம்ப்யூட்டர் அடுத்தவன் கைக்குப் போக முடியுமா? முடியும். கட்டுக்கதை இல்லை, 2023 செப்டம்பரில் உலகமே பார்த்தது.

நம் எல்லோர் கம்ப்யூட்டரிலும் இருக்கும் குரோம் பிரவுசரில் அப்போது ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. சி.வி.இ-2023-4863 என்று அதற்கு எண் கொடுத்தார்கள். (மனிதனுக்கு ஆதார் எண் மாதிரி, ஓட்டைகளுக்கும் உலக அளவில் ஓர் எண் உண்டு!) ஓட்டை இருந்த இடம் எது? வெப்-பி என்று ஒரு படவகை. ஜேபெக் மாதிரிதான், ஆனால் சைஸ் குறைவு, பக்கம் சீக்கிரம் திறக்கும். கூகுள் 2010-இல் வெளியிட்டது. இன்று நாம் பார்க்கும் கடைப் பொருள் படங்களும், செய்திப் படங்களும் ஏராளமாக இந்த வகையில்தான் வருகின்றன. அந்தப் படத்தைப் பிரித்துக் காட்டும் லிப்வெப்-பி என்ற புரோகிராம் துண்டில்தான் தவறு. கெட்ட எண்ணத்தோடு செய்த ஒரு படம் ஒரு பக்கத்தில் இருந்தால் போதும். நீங்கள் அதைத் தொட வேண்டாம், டவுன்லோடு செய்ய வேண்டாம். பக்கம் திறந்து, படம் திரையில் வந்தாலே படத்தைச் செய்தவன் எழுதிய கட்டளைகள் உங்கள் கம்ப்யூட்டரில் ஓட வழி இருந்தது.

ஒரு படத்துக்குள் கட்டளை எப்படி வரும் என்றுதான் எனக்கும் முதலில் புரியவில்லை. படம் என்றால் படம், புரோகிராம் என்றால் புரோகிராம் என்றல்லவா நினைத்திருந்தேன்! கம்ப்யூட்டரின் மெமரிக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. எல்லாமே வரிசையான பெட்டிகள், பெட்டிக்குள் எண்கள், அவ்வளவுதான்.

நம் போர்டு எக்ஸாம் ஹாலை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பெஞ்சு, நாற்பது நம்பர். நாற்பது பேருக்கு மேல் வர மாட்டார்கள் என்று நம்பிக் கதவில் யாரும் எண்ணவில்லை. நாற்பத்தோராவது ஆள் ஒருவன் வருகிறான். பெஞ்சு காலி இல்லை. வரிசை முடிந்த இடத்தில் சூப்பர்வைசருடைய நாற்காலி கிடக்கிறது. போய் அதில் உட்கார்ந்துவிடுகிறான். ஹாலில் இருப்பவர்களுக்கு, அந்த நாற்காலியில் இருப்பவர் சொல்வதுதான் சட்டம். அவன் “எல்லோரும் பேப்பரைக் கொடுங்க” என்றால் கொடுத்துவிடுவார்கள். மெமரியில் நடப்பதும் இதுதான். ஒதுக்கிய இடத்துக்கு மேல் டேட்டா வழிகிறது. பக்கத்துப் பெட்டியில், ‘அடுத்து என்ன செய்ய வேண்டும்’ என்று முடிவு செய்யும் எண்கள் இருக்கின்றன. வழிந்த டேட்டா அவற்றின் மேல் எழுதிவிடுகிறது. தற்செயலாக வழிந்தால் புரோகிராம் தடுமாறி நின்றுபோகும். கணக்குப் போட்டு வழியவிட்டால் நாற்காலி அவனுக்கு!

வெப்-பி விஷயத்தில் வழிந்தது ஹஃப்மன் அட்டவணை. இந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம், ஏனென்றால் இதன் பிறப்பே ஒரு மாணவன் கதை. 1951-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ராபர்ட் ஃபானோ தன் மாணவர்களிடம், பரீட்சை எழுதலாம் அல்லது ஒரு கட்டுரை எழுதித் தரலாம் என்று சொன்னார். டேவிட் ஹஃப்மன் கட்டுரையை எடுத்துக்கொண்டு, அதில் கண்டுபிடித்த முறை 1952-இல் அச்சில் வந்தது. நம் டவுன் பஸ் கண்டக்டருக்கு இந்த முறை படிக்காமலே தெரியும். அடிக்கடி தேவைப்படும் செய்திக்கு ஒரு விசில், இரண்டு விசில். எப்போதாவது சொல்ல வேண்டியதற்குத்தான் வாய் நிறைய வார்த்தை. அதேபோல, அடிக்கடி வரும் எண்ணுக்குச் சின்னக் குறியீடு, அபூர்வமாக வருவதற்கு நீளக் குறியீடு. படத்தின் சைஸ் குறைந்துவிடும். பிரிக்கும்போது எந்தக் குறியீட்டுக்கு எந்த எண் என்று பார்க்க ஓர் அட்டவணை வேண்டும். அந்த அட்டவணைக்கு அதிகபட்சம் எவ்வளவு இடம் ஆகும் என்று லிப்வெப்-பி முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தது. ஒழுங்கான படத்துக்கு அந்தக் கணக்கு சரி. வேண்டுமென்றே கோணலாகச் செய்த குறியீடுகளைக் கொடுத்தால் அட்டவணை அந்த இடத்தைத் தாண்டி வளர்ந்தது. ‘யாராவது கோணலாகவும் கொடுப்பான்’ என்று அந்த ஓர் இடத்தில் நினைக்காமல் விட்டதுதான் குறை.

இதைக் கூகுளுக்குச் சொன்னவர்கள் ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவும், கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேபும். நாள் 2023 செப்டம்பர் 6. மறுநாளே சிட்டிசன் லேப் ஒரு செய்தி வெளியிட்டது. வாஷிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு சமூக அமைப்பில் வேலை செய்பவரின் ஐபோனில், கெட்ட படங்களை அனுப்பி, அவர் எதையும் தொடாமலே, இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனத்தின் பெகாசஸ் உளவு சாஃப்ட்வேரை ஏற்றும் முயற்சியைக் கண்டுபிடித்ததாக அது சொன்னது. அன்றே ஆப்பிள் ஐ.ஓ.எஸ். 16.6.1-ஐ வெளியிட்டது. அந்தப் படமும் இந்த ஓட்டையும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்றே ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். செப்டம்பர் 11 அன்று குரோமுக்கு 116.0.5845.187 என்ற பதிப்பில் ஒட்டுப் போட்டார்கள். அடுத்த நாள் ஃபயர்ஃபாக்ஸ் 117.0.1 வந்தது. கூகுள் தன் அறிவிப்பிலேயே, இந்த ஓட்டையை யாரோ ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள் என்று தனக்குத் தெரியும் என எழுதியது.

கவனியுங்கள். ஐந்தே நாளில் ஒட்டு! அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த முதல் அறிவிப்பு, ஓட்டை ‘குரோமில்’ இருப்பதாகத்தான் படித்தவர்களுக்குப் பட்டது. உண்மையில் லிப்வெப்-பி ஒரு பொதுத் துண்டு. எட்ஜ், ஆப்பரா, பிரேவ் எல்லாம் அதைத்தான் வைத்திருந்தன. நாம் கோடு எழுதும் விஷுவல் ஸ்டுடியோ கோடு, ஆபீஸ்களில் பேசிக்கொள்ளும் ஸ்லாக் போன்றவை வெளியே பார்க்கத் தனி சாஃப்ட்வேர். உள்ளே ஒரு முழு பிரவுசரே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பிரவுசரை மட்டும் புதுப்பித்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்களும் பாதிதான் தப்பித்தார்கள். பிறகு அதே மாதக் கடைசியில் லிப்வெப்-பி பெயரிலேயே இன்னோர் எண் கொடுத்து, அதற்கு அபாய அளவில் பத்துக்குப் பத்து போட்டு, அப்புறம் ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று அந்த எண்ணை வாபஸ் வாங்கினார்கள். பெரிய கம்பெனிகளிலும் நம் ஆபீஸ் ஃபைல் மாதிரிதான் குழப்பம்!

இந்த இடத்தில் என் ரூம்மேட் ஒரு கேள்வி கேட்டான். நியாயமான கேள்வி. “டேய், அதெல்லாம் பெரிய பெரிய ஆளுங்களுக்குப் போடற வலை. உன் மெயில்ல என்ன இருக்கு? ஹால் டிக்கெட்டும் மெஸ் பில்லும். உன்னை எவன்டா தேடி வருவான்?”

நான் இந்தக் கட்டுரை எழுதுவதே இதற்குப் பதில் சொல்லத்தான். ஒட்டு வருவதற்கு முன்னால் ஓட்டை ஒரு ரகசியம். ரகசியத்துக்கு விலை அதிகம். அதை வைத்திருப்பவன் நம்மைப் போன்றவர்கள் மேல் வீணாக்க மாட்டான். ஆனால் ஒட்டு வெளியான நிமிஷமே ரகசியம் போய்விடுகிறது. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வரியை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று விஷயம் தெரிந்தவனுக்குப் புரிந்துவிடும். லிப்வெப்-பி யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய திறந்த கோடு வேறு. அதற்குப் பிறகு ஓட்டை மலிவுச் சரக்கு. அன்றிலிருந்து அது யார் மேல் பாயும்? ஒட்டுப் போட்டுக்கொண்டவன் மேல் பாயாது. ஒட்டுப் போட்டுக்கொள்ளாதவன், போட்டுக்கொள்ள முடியாதவன் மேல்தான் பாயும். பணக்காரனைக் குறிவைத்து செய்த ஆயுதம், பழசான பிறகு நம் தெருவுக்கு வருகிறது.

அந்தப் பிரவுசிங் சென்டருக்கு நானும் போயிருக்கிறேன். குரோமைத் திறந்ததும் மேலே ஒரு பட்டை வருகிறது. ‘இனி குரோம் புதுப்பிப்புகள் வேண்டுமானால் விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும், இந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 7’ என்று ஆங்கிலத்தில். கடைக்கார அண்ணன் பார்க்காமலே பெருக்கல் குறியை அழுத்தி மூடுகிறார். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை மூடுவார். அது 109-ஆம் பதிப்பு. விண்டோஸ் 7-க்கு அதுதான் கடைசி. 2023 பிப்ரவரியில் வந்த 110-லிருந்து அந்த மெஷினில் ஏறாது. மைக்ரோசாஃப்டும் விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவை 2020 ஜனவரி 14-லேயே முடித்துவிட்டது. நம் கல்லூரி லேபில் எத்தனை கம்ப்யூட்டரில் இதே பட்டை வருகிறது என்று உங்களுக்கே தெரியும். நாமும் அதை மூடிவிட்டுத்தான் ரிசல்ட் பார்க்கிறோம், ஃபீஸ் கட்டுகிறோம்.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். குரோம் 2008-இல் வந்தபோதே அதில் ஒரு தடுப்பு வைத்தார்கள். நம் ஹாஸ்டலில் வெளியாட்களை விசிட்டர்ஸ் ரூமோடு நிறுத்துகிற மாதிரி, வெளியிலிருந்து வரும் பக்கத்தைப் பிரிக்கும் வேலையை ஒரு தனிக் கூண்டுக்குள் வைத்துச் செய்கிறது. கூண்டுக்குள் எவனாவது நாற்காலியைப் பிடித்தாலும், முழுக் கம்ப்யூட்டரையும் பிடிக்கக் கூண்டுச் சுவரில் இன்னோர் ஓட்டை வேண்டும். அந்தச் சுவர் பெரும்பாலும் விண்டோஸின் பலத்தில் நிற்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒட்டே வராத விண்டோஸில் அந்தச் சுவர் எப்படி இருக்கும்? முதல் ஓட்டையும் திறந்தே கிடக்கும், இரண்டாவதும் திறந்தே கிடக்கும்.

இப்படிப்பட்ட ஓட்டை புதுசும் இல்லை. 2010 ஜனவரி 12 அன்று, சீனாவிலிருந்து தன் மேல் தாக்குதல் நடந்ததாகக் கூகுள் அறிவித்தது. ‘அரோரா’ என்று பெயர் வாங்கிய அந்தத் தாக்குதலில் பயன்பட்டது மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பிரவுசரில் இருந்த ஓட்டை. இது வழிகிற ரகம் இல்லை. ரூமைக் காலி செய்துவிட்டுப் போன சீனியரின் சாவியை ரிஜிஸ்டரில் அடிக்காமல் விட்டுவிட்ட மாதிரி. ரூமில் இப்போது வேறு ஆள் இருக்கிறான். பழைய சாவியும் வேலை செய்கிறது. ஜெர்மனி அரசின் தகவல் பாதுகாப்புத் துறை, ஒட்டு வரும்வரை வேறு பிரவுசருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று மக்களிடமே சொன்னது. பிரான்ஸும் சொன்னது. மைக்ரோசாஃப்ட் ஜனவரி 21 அன்று அவசரமாக ஒட்டு வெளியிட்டது. ஆனால் அந்த ஓட்டையைப் பற்றி முந்தின செப்டம்பரிலேயே தனக்குச் சொல்லப்பட்டது என்பதையும் அது ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. நான்கு மாதம்! அந்த நான்கு மாதமும் எக்ஸ்புளோரரைத் திறந்தவர்கள் எல்லாம் ‘எதையோ தொட்டவர்களா’?

“புது கம்ப்யூட்டர் வாங்கு, புது போன் வாங்கு, பிரச்சினை முடிஞ்சுது” என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். கூலி வாரா வாரம் போனில்தான் வருகிறது. அது ஆண்ட்ராய்டு 9 போன். ஆண்ட்ராய்டு 8-க்கும் 9-க்கும் குரோம் 138-தான் கடைசிப் பதிப்பு, 139-லிருந்து ஆண்ட்ராய்டு 10 வேண்டும். போன் நன்றாகத்தான் இருக்கிறது, பேட்டரிகூட ஒரு நாள் தாங்குகிறது. திரையில் ஒரு கீறல் இல்லை. அப்பா அதை உறை போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார். “இது பழசாயிடுச்சுப்பா” என்றால், “எங்கடா பழசு?” என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். தறி பழசானால் சத்தத்தில் தெரியும், தேய்மானம் கையில் தட்டுப்படும். முப்பது வருஷத் தறிக்கும் உதிரி பாகம் கிடைக்கும், இல்லாவிட்டால் பட்டறையில் கடைந்து கொடுப்பார்கள். இந்த போன் எந்தச் சத்தமும் போடாமல் பழசாகிவிட்டது. உதிரி பாகம் ஒரே ஒரு கம்பெனியிடம்தான். அது “இனிமேல் இல்லை” என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. ஒரு மாதக் கூலியை எண்ணி வைத்துப் புது போன் வாங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் ‘தெரியாத லிங்க்கைத் தொடாதே’ என்ற போஸ்டரை மட்டும் லேப் சுவரில் ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பதை நான் ஏற்கவில்லை. லிங்க்கைத் தொடாமல் இருப்பது நல்லதுதான், ஏமாற்று வேலையில் பாதி அதில்தான் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த போஸ்டர் மொத்தப் பொறுப்பையும் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருப்பவன் தலையில் கட்டுகிறது. கம்ப்யூட்டரைப் பராமரிக்க வேண்டியவர்களைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. பஸ்ஸில் பிரேக் பிடிக்காவிட்டால் ‘பயணிகள் கவனமாக உட்காரவும்’ என்று எழுதி வைப்போமா?

லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் இதைப் பேசினேன். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. “தம்பி, நாலு லேபுக்கும் நான் ஒருத்தன். அப்டேட் ஓட விட்டா நெட் மொத்தமும் படுத்துடும். பிராக்டிகல் எக்ஸாம் அன்னிக்கு எவனாவது ‘ரீஸ்டார்ட்’னு வந்தா யார் பதில் சொல்றது? அதான் ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்” என்றார். உண்மை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆஃப் செய்த சுவிட்ச் எக்ஸாம் முடிந்த பிறகும் ஆஃபிலேயே கிடக்கிறது. அதை ஆன் செய்வது யாருடைய வேலை என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. எழுதாத வேலை நடக்காது. நம் ஒர்க்‌ஷாப்பில் லேத்துக்கு என்றைக்கு ஆயில் போட வேண்டும் என்று சுவரில் அட்டவணை தொங்குகிறது. கம்ப்யூட்டர் மட்டும் வாங்கி வைத்தால் தானாகவே நன்றாக இருக்கும் என்று யார் சொன்னது?

இதற்கு அரசு புதுக் கம்ப்யூட்டர் கொடுத்தால் நல்லது, கேட்கவும் வேண்டும். வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 7 ஓடும் பல மெஷின்களில் லினக்ஸ் ஓடும். காசு கிடையாது. உபுன்டு இருக்கிறது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறது. அதில் இன்றைய ஃபயர்ஃபாக்ஸ் ஏறும், ஒட்டும் தொடர்ந்து வரும். சி புரோகிராம், பைத்தான் எல்லாம் அதில் இன்னும் சுலபம். விண்டோஸ் இருந்தால்தான் ஓடும் என்கிற சாஃப்ட்வேர் சிலவற்றுக்குத் தனியாக நாலு மெஷின் வைத்து, அவற்றில் நெட்டைப் பிடுங்கிவிடலாம். விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துவிட்டதால், இந்தத் தலைவலி நம் ‘புது’ லேபுக்கும் வந்துவிட்டது என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

இன்னொரு விஷயம், கம்ப்யூட்டர் பிரிவுத் தோழர்களுக்காக மட்டும். நாம் சி லேபில் ஒரு பெயரை வாங்க ‘கெட்ஸ்’ என்று எழுதுகிறோமே, அது எத்தனை எழுத்து வருகிறது என்று எண்ணுவதே இல்லை. இருபது எழுத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு இருநூறு எழுத்து கொடுத்தாலும் வாங்கி வழியவிடும். கதவில் எண்ணாத எக்ஸாம் ஹால் அதுதான்! 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் விட்ட புழு, இன்டர்நெட்டில் பரவுவதற்குப் பிடித்த வழிகளில் ஒன்று இந்தக் கெட்ஸ் வைத்த ஓட்டைதான். 2011-இல் வந்த சி மொழித் தரத்தில் கெட்ஸையே எடுத்துவிட்டார்கள். நம் ரெக்கார்டு நோட்டில் மட்டும் இன்னும் எடுக்கவில்லை. குரோமில் கண்டுபிடிக்கும் மோசமான பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் இப்படி மெமரியைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று அதைச் செய்கிறவர்களே 2020-இல் எழுதினார்கள். ரஸ்ட் போன்ற மொழிகள் இந்த ரகத் தவறு பெரும்பாலானவற்றை ஆரம்பத்திலேயே தடுத்துவிடுகின்றன. அதெல்லாம் சிலபஸில் வரும்போது வரட்டும். கெட்ஸுக்குப் பதில் ‘எஃப்-கெட்ஸ்’ எழுத சிலபஸ் மாற வேண்டியதில்லை, ஓர் எழுத்து கூடப் போட்டு, எத்தனை எழுத்து வரலாம், எங்கிருந்து வருகிறது என்று சொன்னால் போதும். வைவாவில் கேட்டால் காரணமும் சொல்லலாம். எக்ஸ்டர்னல் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நம்புகிறேன்!

நாளை நாம்தான் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு ஆபீஸில், நாலு லேபுக்கு ஒரே ஆளாக உட்காரப் போகிறோம். டிப்ளமோக்காரனுக்குக் கிடைக்கும் வேலை அதுதான், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அப்போது ஒரு கிழவி பென்ஷன் பணம் காணோம் என்று வந்து நிற்பாள். ‘எதைம்மா தொட்டே?’ என்று கேட்பதற்கு முன்னால், அவள் பேத்தி பயன்படுத்திய அந்த மெஷினில் என்றைக்குக் கடைசியாக ஒட்டுப் போட்டோம் என்று நம்மால் சொல்ல முடிய வேண்டும்.

நம் ஒர்க்‌ஷாப் வாசலில் சிவப்பாகத் தொங்கும் தீயணைப்பு சிலிண்டரைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் ஓர் அட்டை கட்டியிருக்கும். எப்போது நிரப்பியது, அடுத்தது எப்போது, பார்த்தவர் கையெழுத்து. தீப்பிடித்தால்தான் அதைத் தேடுவோம், ஆனால் தேதி மட்டும் தவறாமல் இருக்கும். அதே மாதிரி ஓர் அட்டை ஒவ்வொரு கம்ப்யூட்டர் மானிட்டர் மேலும் வேண்டும் என்று பேரவைக் கூட்டத்தில் கேட்டிருக்கிறோம். ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்ன, பிரவுசர் எந்தப் பதிப்பு, கடைசியாகப் புதுப்பித்த தேதி, செய்தவர் கையெழுத்து. நாலே வரி. தேதி பழசாக இருந்தால் அந்த மெஷினில் நாம் பேங்க் கணக்கைத் திறக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அட்டை அச்சடிக்கும் செலவை மூன்றாமாண்டு அண்ணன்மார்களும் அக்காமார்களும் ஏற்றுக்கொண்டார்கள். எக்ஸாம் இல்லாத சனிக்கிழமைகளில் மதியம் இரண்டு மணிக்கு மேல், லேப் அசிஸ்டென்ட் அண்ணன் முன்னிலையில், இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து புதுப்பிக்கவும் ஆட்கள் தயார். ஹெச்.ஓ.டி. அவர்களுக்கான விண்ணப்பக் கடிதம் நூலகத்தில் பேரவைச் செயலாளரிடம் இருக்கிறது. போன வாரம் பார்த்தபோது முப்பத்தேழு கையெழுத்து விழுந்திருந்தது. அதில் முதல் கையெழுத்து, மெயிலைப் பறிகொடுத்த நம் தோழனுடையது. மெக்கானிக்கல் பிரிவிலிருந்து இன்னும் ஒருவரும் வரவில்லை.